கண்ணாடியில் விழாத இடம்

குருமண்வெளித் துறையில் கடைசிப் பாதை.
ஒரு லேண்ட்மாஸ்டர், நாலு மோட்டார் சைக்கிள்,
ஐஸ் பெட்டியோடு ஒருவர், நான்.
சட்டைப் பையில் பென் டிரைவ்.
மடியில், துவாயில் சுற்றிய புது டிஸ்க்.
"கேக்கா?" என்றார் ஐஸ் பெட்டிக்காரர்.
ஓம் என்றேன்.
விளக்கி முடிப்பதற்குள் மண்டூர் வந்துவிடும்.

கமநல நிலைய வாசலிலேயே நின்றாள் நிரோஜினி.
"வெள்ளிக்கிழமை அப்டேட் குடுத்தன்.
முடியிற நேரம் ஒரு கேள்வி கேட்டுது,
ரெண்டு பெட்டி காட்டிச்சு,
மேல இருந்ததுக்கு மட்டும் சரி போட்டன்.
ஓடிச்சு, நல்லாத்தான் ஓடிச்சு.
நேற்றுக் கரண்ட் போய் வந்த பிறகு
டக் டக் எண்டு சத்தம். பிறகு இது."

இது: கறுப்புத் திரை.
ஏதோ ஒரு பெயரைக் காணவில்லை என்று
வெள்ளையில் ஒரு வரி.
நாளை ஏழு மணிக்குப் பசளை.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேரின் வயல் கணக்கு
அந்த வரிக்குப் பின்னால்.

இரட்டை டிஸ்க். ஒன்றில் எழுதுவதை
மற்றதிலும் எழுதும்.
பெயர், வட்டை, கண்டம், ஏக்கர்,
போன போகத்தில் கண்மூடியவரின் கைபேசி இலக்கம்
எல்லாம் இரண்டிலும் உண்டு.
ஆனால் மெஷின் முதன்முதல் கண்விழிக்கும் இடம்,
ஒரு வெண்பா எழுதினால் நிறைந்துவிடுகிற இடம்,
அது கண்ணாடிக்கு வெளியே.
நகல் அங்கே போவதில்லை.

மேல் டிஸ்க் செத்துவிட்டது.
கீழ் டிஸ்கின் வாசலில்
இரண்டு வருடத்துக்கு முந்திய காவல்காரன்.
வீட்டுக்குள் குடிவந்த புதியவர்கள்
அவனிடம் ஒரு சொல் கேட்கிறார்கள்.
அவன் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை.

அவனை அங்கே வைத்தது நான்தான்.
அன்று இரண்டு பெட்டிக்கும் சரி போட்டேன்.
ஏனென்று சொல்லவில்லை.
எங்கும் எழுதி வைக்கவுமில்லை.
இதை நிரோஜினியிடம் சொல்ல
எனக்குப் பதினொரு மணி ஆயிற்று.
"அப்ப என்ட பிழை பாதிதான்" என்றாள்,
நுளம்புத்திரி கொளுத்திக்கொண்டே.

பென் டிரைவில் எழுப்பி,
செத்ததைக் கழற்றி, புதியதைப் பூட்டி,
பழையதன் எல்லைகளை அளந்து அதில் கீறி,
வெளியே நின்ற மெஷினுக்கு
நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று சொல்லி நம்பவைத்து,
பழையதன் வாசலில் ஒருமுறை,
புதியதன் வாசலில் ஒருமுறை,
ஒரே கட்டளை. கடைசி எழுத்து மட்டும் வேறு.
பிழையில்லை என்றது. பிழையில்லை என்றது.

பிறகு காத்திருப்பு.
முப்பத்தெட்டு வீதம்.
பிளேன்டி.
நாற்பத்தொன்று.
யூபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டது,
இருவரும் மூச்சைப் பிடித்தோம்.
ஜன்னலில் வாவி, அக்கரையில்
எழுவான்கரை விளக்குகள் நாலைந்து.
"தண்ணி ரெண்டு கரைக்கும் ஒண்டு," என்றாள்,
"துறை மட்டும் வேற வேறயாக் கட்டோணும்."
அதை என் வேலைக்குறிப்பில் எழுத நினைத்தேன்.
எழுதவில்லை. அறுபத்து மூன்று.

நாலு பத்துக்கு நூறு.
"இப்ப ஒண்டைக் கழட்டு" என்றேன்.
"நல்லா இருக்கிறதையா?"
"நல்லா இருக்கிறதைத்தான்."
கண்ணை மூடிக்கொண்டு கேபிளை இழுத்தாள்.
மெஷின் எழும்பியது.
திருப்பிப் பூட்டி, நகல் சரியாகும் வரை பார்த்திருந்து,
மற்றதை இழுத்தாள். இம்முறை கண் திறந்திருந்தது.
எழும்பியது.

மாஸ்கிங் டேப்பில் இரண்டு சொல் எழுதி
மெஷின் நெற்றியில் ஒட்டினாள்:
ரெண்டுக்கும் போடவும்.

ஏழு மணிக்கு முன்னமே
ட்ராக்டர்கள் வாசலை அடைத்துவிட்டன.
முதல் ஆள் பூபாலப்பிள்ளை.
திரையை எட்டிப் பார்த்தார்.
"மூண்டரை ஏக்கர் மனே எனக்கு.
போன போகமும் மூண்டெண்டுதான் போட்டிருந்தீங்க."
நான் பழைய டிஸ்கைப் பார்த்தேன்.
புது டிஸ்கைப் பார்த்தேன்.
இரண்டிலும் அதே அரை ஏக்கர் குறைவு,
ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.